இலுப்பைக்கு ‘இதர மரம்’ என்று பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் ஷியா வெண்ணெய் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முகப்பூச்சிலும் சோப்பிலும் சாக்லேட்டிலும் சேரும் அந்தக் கொழுப்பு எப்படி எடுக்கப்படுகிறது, அதற்காகக் கானா நாட்டின் வடபகுதிப் பெண்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை அக்கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது. ஆனால் ‘அங்குள்ள மக்கள் ஷியா என்று அழைக்கும் மரம்’ என்ற வரி பிழையானது. அங்குள்ள மக்கள் அதை ஷியா என்று அழைப்பதில்லை. இதை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் அதே வாரத்தில் எங்கள் ஊர்ச் சாலையோர மரங்களை வெட்டுவதற்கான ஏல அறிவிப்பு ஒன்றும் என் கைக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். மரப் பெயர்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

என் அக்காள் மகன் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டி ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். எங்கள் பக்கத்தில் அதை ரிக் வண்டி என்போம். கொங்கு நாட்டு ரிக் வண்டிகள் இந்தியாவெங்கும் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது அவை கடல் கடந்தும் போகின்றன. அப்படித்தான் இவனும் கானாவின் வடபகுதியில் தாமலே நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இரண்டு ஆண்டுகள் துளை போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்து ஒரு செய்தி சொன்னான். துளை போடப் பாயிண்ட் குறித்துக் கொடுத்த இடத்துக்கு மேலே ஒரு மரத்தின் கிளை நீண்டிருந்தது; ரிக்கை நிமிர்த்தி நிறுத்த வேண்டுமானால் கிளையை வெட்டியாக வேண்டும். அரிவாளை எடுத்ததும் வயதான ஒருவரும் நான்கைந்து பெண்களும் வந்து மறித்துக்கொண்டு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். “கும்பிடற மரமான்னு கேட்டா இல்லைங்கறாங்க மாமா. அப்புறம் எதுக்கு வெட்டக் கூடாதுன்னு கேட்டா, அதுதான் பேரச் சொல்லிப்போட்டமல்லங்கறாங்க” என்றான். பாயிண்டைப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்துத்தான் துளை போட்டார்கள்.

பெயரைச் சொல்லிவிட்டோமே, அதற்கு மேல் காரணம் எதற்கு என்று அந்த மக்கள் கேட்டது எனக்கு உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர்ச்சொல்லின் இலக்கணத்தை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு பெயர்ச்சொல்லே தடையாணையாக நிற்கும் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிவிடலாம். சொல்லும்போதுதான் நம்மவர்களுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ‘தாஙா’ என்பது அது; தங்கள் கட்டுரையில் ஷியா என்று வந்த மரத்துக்கு அங்கே வழங்கும் பெயர். அது வழங்குகிற மொழி டாக்பானி. தாமலேயிலும் யெண்டியிலும் சுற்றுவட்டாரங்களிலும் வாழும் டகோம்பா மக்களின் தாய்மொழி. உரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்றாலும், ஆங்கிலத்தில் இல்லாத சில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று நம் ஙகரத்துக்கு உரியது. என் மருமகன் தன்னோடு வேலை செய்த டகோம்பா இளைஞர் ஒருவரின் குரலை வாட்ஸ்அப்பில் பதிந்து அனுப்பினான். அந்த ஙகரம் அவர் வாயில் ககரத்தின் துணை இல்லாமல் தனித்து, மூக்கில் மெல்ல அதிர்ந்து வந்தது. நாமோ ‘ஙப்போல் வளை’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு, அந்த எழுத்து உயிரோடு வருகிற சொல் கேட்டால் ‘அங்ஙனம், இங்ஙனம்’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். நாம் எழுத்துப் பட்டியலில் மட்டும் வைத்துக் காப்பாற்றும் ஓர் ஒலியை அங்கே சந்தைக்குப் போகிற பெண்கள் நாள்தோறும் ஒரு மரத்தின் பெயரில் வைத்துப் புழங்குகிறார்கள்.

டாக்பானியில் பொதுவாக மரத்துக்கு ‘தியா’ என்று பெயர். பல மரங்களானால் ‘திஹி’. மருந்துக்கு ‘திம்’. அம்மொழிக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். பக்கத்தில் பேசப்படும் குசால் மொழியிலும் மரம் ‘தீக்’, மருந்து ‘தீம்’. மரத்தின் பட்டை, வேர், இலை இவற்றைத் தவிர வேறு மருந்து அறியாத காலத்தில் உருவான சொல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ‘திம்’ என்பது காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயத்தை மட்டும் குறிப்பதன்று, ஒருவரைக் காப்பதற்காகக் கட்டிவிடும் மந்திரப் பொருளும் அதே சொல்லில் அடங்கும். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ‘அவனுக்கு யாரோ மருந்து வெச்சுட்டாங்க’ என்று இங்கே ஒரு கிழவி சொன்னால், மருந்துக் கடை மாத்திரையை யாரும் நினைப்பதில்லை. வைக்கும் மருந்தும் தீர்க்கும் மருந்தும் நமக்கும் ஒரே சொல்தான். ‘மருந்தாகித் தப்பா மரம்’ என்று குறள் செல்வத்துக்கு உவமை சொல்வதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நான் இந்தச் செய்திகளைச் சொல்லத் தொடங்கியதும், காலை நடையில் உடன் வரும் நண்பர் ஒருவர், ‘மரம், மருந்து என்று தமிழிலும் அப்படியே இருக்கிறதே, அவர்கள் நம்மிடமிருந்து போனவர்கள்தாம்’ என்று முடிவே கட்டிவிட்டார். டாக்பானியில் வீட்டுக்கு ‘யிலி’ என்று பெயர் என்றதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘இல்’ என்ற தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது அல்லவா! டாக்பானி நைஜர்-காங்கோ மொழிக் குடும்பத்தின் குர் கிளையைச் சேர்ந்தது. தமிழ் திராவிட மொழி. இரண்டு மூன்று சொற்களின் ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால், உலகத்தில் எந்த இரண்டு மொழியையும் அண்ணன் தம்பியாக்கிவிடலாம். உறவு இல்லாமலேயே இரண்டு மக்கள் ஒன்றுபோல நினைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகிறது.

அந்த யிலியைத் தேவையில்லாமல் இழுக்கவில்லை. தாமலே என்ற நகரத்தின் பெயரே ‘தாமா யிலி’ என்பதிலிருந்து வந்ததாக அங்கே சொல்கிறார்கள். தாமா என்பது தாஙா மரத்தின் பழம். தாமா யிலி என்றால் அந்தப் பழத்தின் வீடு, அதாவது அந்தப் பழம் விளைகிற ஊர். ஒரு பெரிய நகரம், விமான நிலையமும் பல்கலைக்கழகமும் உள்ள நகரம், இன்னும் ஒரு பழத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. நம்மிடம் மட்டும் என்ன குறை? புன்செய்ப் புளியம்பட்டி, ஆலாந்துறை, இச்சிப்பட்டி, வாகைத்தொழுவு, இலுப்பநத்தம் என்று கொங்கு நாட்டுப் பேருந்துப் பலகைகளைப் படித்துக்கொண்டு போனாலே ஒரு தாவரவியல் பாடம் முடிந்துவிடும். இச்சி மரம் எது என்று அந்த ஊர்ப் பெயரைத் தினமும் எழுதுகிற பிள்ளைகளிடம் கேட்டால்தான் சங்கடம்.

தாஙா எப்படிப்பட்ட மரம் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமே, ஏனென்றால் நமக்கு அது அந்நிய மரமன்று. தாவரவியலில் விட்டெல்லாரியா பாரடாக்சா எனப்படும் அது சப்போட்டாக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் இலுப்பையும் அதே குடும்பம். கீறினால் இரண்டிலும் பால் வடியும். இரண்டிலும் கிளை நுனியில் இலைகள் கொத்தாக நிற்கும். இரண்டிலும் சதைப்பற்றுள்ள பழத்துக்குள் வழவழப்பான தவிட்டு நிறக் கொட்டை இருக்கும்; அக்கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான் கொழுப்பு. இலுப்பைப் பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது; தாஙாவின் பழமும் ஏறக்குறைய அதே மாதங்களில், அங்கே மழை தொடங்கிப் பழைய தானியம் தீர்ந்து புதிய தானியம் வராத பஞ்ச நாட்களில் உதிர்கிறது. பெண்கள் விடியுமுன் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். பழத்தின் சதையை உண்டுவிட்டு, கொட்டையை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, ஓட்டை உடைத்து, பருப்பை இடித்து, வறுத்து, அரைத்து, அந்த விழுதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கையாலேயே நெடுநேரம் அலசிப் பிசைவார்கள். ஒரு கட்டத்தில் பழுப்பு விழுது வெளுத்து, கொழுப்பு மேலே மிதந்து வரும். மோர் கடைந்து வெண்ணெய் திரட்டியவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். பிறகு அதைக் காய்ச்சி ஆறவைத்தால் வெண்ணெய். சமையலுக்கும் அதுதான், தோலுக்கும் அதுதான், ஒரு காலத்தில் விளக்குக்கும் அதுவே. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் என் சிறு வயதில் இலுப்பை எண்ணெய்தான் எரிந்தது. பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் வழக்கமும் இருந்தது; அதை வேறு மாவட்டங்களில் அரப்பு என்பார்கள். எங்களுக்கு அரப்பு என்றால் உசிலை மரத்தின் இலைப் பொடி. ஒரே சொல் இரண்டு மரங்களுக்குப் போயிருப்பதை நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

இனி ‘ஷியா’ எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். ஸ்காட்லாந்து மருத்துவரான மங்கோ பார்க் 1795-இல் தொடங்கி மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் பயணம் செய்து, 1799-இல் தம் பயண நூலை வெளியிட்டார். இன்றைய மாலிப் பகுதியில் இருந்த பம்பாரா நாட்டில் இந்த மரத்தையும் அதன் வெண்ணெயையும் கண்டு, அங்கே தம் காதில் விழுந்த பெயரைத் தமக்குத் தெரிந்தபடி ஷியா என்று எழுதினார். ஆங்கிலம் அதைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் வொலோஃப் மொழிப் பெயரிலிருந்து ‘கரிட்டே’ என்றார்கள். மரம் நிற்பது செனகல் தொடங்கி உகாண்டா வரை நீளும் ஒரு பட்டையில். அதற்குள் எத்தனையோ மொழிகள், ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு பெயர். டப்பாவின் மேல் ஏறியது ஒரு பெயர்தான். தாமாவின் வீடு என்றே பெயர் கொண்ட ஊரில் பெண்கள் திரட்டும் வெண்ணெயின் மேல், அவர்கள் வாயில் வழங்காத பெயர்தான் ஒட்டப்படுகிறது.

நமக்கும் இது நடந்திருக்கிறது, இன்னும் விசித்திரமாக. சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் நூற்றுக்கு ஐந்து பங்குவரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு தாவரக் கொழுப்புகளை அனுமதித்தது. பாமாயில், மாங்கொட்டைப் பருப்பு முதலியவற்றோடு ஷியாவும் அதில் உண்டு. ‘இல்லிப்பே’ என்ற பெயரும் உண்டு. இல்லிப்பே என்பது நம் இலுப்பையேதான். பழைய தாவரவியலார் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. ஆனால் அந்தப் பட்டியலில் அப்பெயர் குறிப்பது இலுப்பையை அன்று. போர்னியோத் தீவில் வளரும், இலுப்பைக்குச் சற்றும் உறவில்லாத, குங்கிலிய மர இனம் ஒன்றின் கொழுப்பை. நம் மரத்தின் பெயர் கப்பலேறி வேறொரு மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. நம் மரம் பெயரில்லாமல் சாலையோரத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முன்பு சொன்ன கேள்விக்கு, அதாவது பெயரைச் சொன்னாலே ஏன் போதும் என்பதற்கு, என் மருமகன் மூலமாகவும் படித்தும் நான் அறிந்த விடை இது. டகோம்பாக்களின் நிலத்தில் காட்டைத் திருத்தி உழும்போது பெரும்பாலான மரங்களை வெட்டுவார்கள், தாஙாவை விட்டுவிடுவார்கள். யாரும் நட்டு வளர்ப்பதில்லை, விட்டு வளர்ப்பதுதான். காய்க்கத் தொடங்கவே பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும் என்பதால் இன்று விடப்படும் கன்று விடுகிறவனுக்குப் பயன்படுவது அரிது. சோளமும் கம்பும் வேர்க்கடலையும் விளைகிற வயல்களுக்கு நடுவே அவை தள்ளித் தள்ளி நிற்கும். வயலில் நிற்கும் மரத்தின் பழம் அந்த வீட்டுப் பெண்களுக்கு. காட்டில் நிற்பது முந்தி எழுந்து வருகிறவர்களுக்கு. அதே வயலில் தவதவா மரம் ஒன்று நின்றால் கணக்கே வேறு. கானாவில் தவதவா என்று வழங்கும் அம்மரத்தின் விதையை வேகவைத்துப் புளிக்கவைத்து ‘க்பல்கு’ என்ற குழம்புச் சரக்கு செய்கிறார்கள். இதைச் சொல்லும்போது ககரத்தையும் பகரத்தையும் ஒரே மூச்சில் சேர்த்து உடைக்க வேண்டும். என்னால் இன்னும் முடியவில்லை. நிலத்தை உழுகிறவர் யாராக இருந்தாலும் தவதவாவின் காய் தலைவருக்கு உரியது என்பது டகோம்பாக்களின் அரசான டாக்போன் நாட்டின் பழைய வழக்கு. அந்நாட்டில் தலைவர்கள் சிம்மாசனத்தில் அமர்வதில்லை, விலங்குத் தோலின் மேல் அமர்கிறார்கள். யெண்டியில் வீற்றிருக்கும் அரசரான யா நாவும் அப்படித்தான். இவர்களுக்கு அப்பால், மண்ணுக்கு உரிய பூசாரி என்று ஒருவர் ஊர்தோறும் உண்டு. அவர் பொறுப்பில் உள்ள காவுகளில், அதாவது கோயில் காடுகளில், சுள்ளி பொறுக்குவதற்குக்கூடக் கட்டுப்பாடு. நம் கருப்பராயன் கோயில் வேலமரத்தில் விறகு ஒடிக்க யாருக்குக் கை வரும்?

ஆகவே ஒரு வயலில் நின்றுகொண்டு ‘இது தாஙா’ என்று ஒருவர் சொன்னால், இது இந்த வீட்டுப் பெண்களின் மழைக்கால வருமானம், இதை என் தாத்தா உழும்போது விட்டுவைத்தார், இதன் மேல் உழுகிற எனக்கே முழு உரிமை இல்லை என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ரிக் வண்டிக்காரர்களுக்கு மட்டும்தான் அதை விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கொங்கு நாட்டுக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கங்களில் கிளுவை முள்வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே வெள்வேல மரங்களைத் தள்ளித் தள்ளி விட்டுவைத்த மேய்ச்சல் நிலங்கள் அவை. வெள்வேலையும் யாரும் நட்டதில்லை. மாடு நெற்றைத் தின்று சாணியில் போடும். முளைத்ததில் எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்று காட்டுக்காரர் பார்த்து வைப்பார். ‘வெள்வேலு நிக்கிற காடு’ என்றால் கோடையிலும் மாட்டுக்கு நிழலும் நெற்றும் உண்டு என்று பொருள். காட்டைக் குத்தகைக்கு எடுக்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மண் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு என்பதும் இங்கே சட்டத்திலேயே உள்ளதுதான். அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமையைத் தனியாருக்குத் தரும் ஆவணத்துக்கு 2சி பட்டா என்று பெயர். கிராமக் கணக்கில் அதற்கென்று தனிப் பதிவேடு உண்டு. என் பாட்டனார் பெயரில் வாய்க்கால் ஓரத்துப் புளிய மரங்கள் இரண்டுக்கு அப்படி ஒரு பட்டா இருந்தது. மண் சர்க்கார் மண். புளி எங்கள் புளி. அந்தத் தாளில் மரத்தின் இனம் எழுதப்பட்டிருந்ததால்தான் அது எங்கள் புளியாயிற்று. ‘மரம் - 2’ என்று மட்டும் எழுதியிருந்தால் பங்காளிகள் சும்மா விட்டிருப்பார்களா?

இப்போது அந்த ஏல அறிவிப்பு. எங்கள் ஊரிலிருந்து பெருஞ்சாலைக்குப் போகும் வழியை அகலப்படுத்தப் போகிறார்கள். சாலை வேண்டாம் என்று எழுத நான் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது லாரிக்கு ஒதுங்க இடமில்லாமல் தவிப்பதை நாள்தோறும் பார்க்கிறவன். வெட்ட வேண்டிய மரங்கள் நாற்பத்திரண்டு என்று அறிவிப்பு சொல்கிறது. புளி 27, வேம்பு 9, இதர மரங்கள் 6.

அந்த ஆறு எவை என்று பார்க்க ஒரு மாலை நடந்தே போனேன். ஒவ்வொரு மரத்திலும் ஆள் நெஞ்சுயரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு வட்டம் அடித்து, அதற்குள் கறுப்பில் எண் எழுதியிருக்கிறார்கள். 41, 42 என்ற எண்கள் இருந்த மரங்களின் அடியில் நின்றபோது காலில் ஏதோ வழுக்கியது. இலுப்பைப் பழம். ஆனி மாதத்துப் பழங்கள் தார்ச்சாலையில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கி, அதன் இனிப்பு வாடைக்கு ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. 41-ஆம் எண் மரத்தில் யாரோ தனிப்பயிற்சி நிலையத்தின் தகரப் பலகையை நான்கு ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள்; ஒவ்வோர் ஆணியின் கீழும் பால் வடிந்து சுண்ணாம்பின் மேல் பழுப்பாக உறைந்திருந்தது. இரண்டு கை கொண்டு அணைத்தால் பாதிகூட எட்டாத அடிமரம். எங்கள் தாய்மார்கள் கோயில் விளக்குக்காக முந்தானையில் கொட்டை பொறுக்கியது இந்த இரண்டு மரங்களின் கீழ்தான். எண்ணெய் ஆட்டக் கொடுத்தது போக மீதிக் கொட்டையைக் குடிப்பெண்கள் வைத்துக்கொள்வார்கள் என்பது ஊர் வழக்கு. எழுதாத வழக்கு, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. கொட்டை பொறுக்குவது நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதைப் பழமொழியாக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம், ஏதோ இல்லாத ஊரின் ஏழ்மையைச் சொல்லும் ஏளனமாக.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குச் சென்று ‘இதர’ என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “புளிக்கும் வேம்புக்கும் தனி ரேட் இருக்குதுங்கய்யா. மத்ததெல்லாம் விறகு ரேட்தான், அதனால ஒண்ணாப் போட்டுருக்குதுங்க” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் படிவத்தில் அவ்வளவுதான் கட்டம் இருக்கிறது. விறகு விலைக்கு மேல் ஒரு மரத்துக்கு என்ன இருக்கிறது என்று எழுத அதில் இடமில்லை. ‘இது இலுப்பைங்க தம்பி’ என்றேன். பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு எந்தக் கோப்பிலும் ஏறாது என்பது இருவருக்கும் தெரியும். தாமலேக்கு அருகே அந்தக் கிழவர் சொன்னதும் இதே அளவுதான். ஒரு மரத்தின் பெயர். அங்கே ரிக் வண்டி பன்னிரண்டு அடி தள்ளி நின்றது.

அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் எண்ணவில்லை. கரிக்காகத் தாஙாவை வெட்டுவது பெருகிவிட்டது. 1998 முதலே அது உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. வெட்டுகிறவர்களும் அதைத் தாஙா என்றுதான் சொல்கிறார்களா, கரி என்று சொல்லிவிடுகிறார்களா என்று மருமகனிடம் கேட்டேன். “மூட்டை கட்டின பொறவு எல்லாம் கரிதானுங்களே மாமா” என்றான்.

தங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. வேளாண் பக்கத்தில் அடுத்த முறை ஷியா என்று எழுத நேர்ந்தால், பக்கத்தில் ‘வடகானாவில் தாஙா’ என்று ஒரு சொல்லையும், ‘நம் இலுப்பையின் உறவு மரம்’ என்று ஒரு தொடரையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு அது போதும். இரண்டாவது, மர ஏல அறிவிப்புகள் தங்கள் நாளிதழிலும் விளம்பரமாக வருகின்றன. விளம்பரத்தின் வாசகத்தை மாற்றும் உரிமை தங்களுக்கு இல்லை என்பதை அறிவேன். ஆனால் அது செய்திக்குரிய விஷயமானால், இதர மரங்கள் என்னென்ன என்று தங்கள் பகுதி நிருபரை ஒருமுறை நடந்து பார்த்து எழுதச் சொல்லலாம். எங்கள் சாலைக்கு அந்தச் சிரமமும் வேண்டாம், நானே பார்த்துவிட்டேன். சுண்ணாம்பு வட்டத்து எண்களின்படி அவை: 17 வாகை, 22 வெள்வேல், 23 உசிலை, 30 நாவல், 41, 42 இலுப்பை. ஏலம் வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
காங்கயம் வட்டம்.